கௌரிக்கு 21 முந்திரிகைப் பழம்

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலை அன்புவழிபுரத்தில் பகல் இரண்டு மணிக்கு முற்றத்தில் ஆள் நிற்காது. அப்படியொரு மதியம் விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டு, மகள் அனுப்பிய பயணத் திட்டத்தைக் கைபேசியில் வாசித்தேன். அவள் சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கிறாள். போய்ப் 14 வருடம். எனக்கு மூன்று மாத விசா கிடைத்த அன்று இரவே திட்டம் போடத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை வருகிறது, காரில் மூன்று நாள் போய் வரலாம் என்றாள். மருமகன் நாள், நேரம், கிலோமீற்றர், தங்குமிடம் எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதியிருந்தார். முதல் நாள் காலை பேர்ண், பிறகு பிரிபேர்க், மத்தியானம் வெவே, பின்னேரம் ஏரிக்கரை. இரண்டாம் நாள் 11 மணிக்கு: 'லவோ, டெசலே. முந்திரிகைத் தோட்டம், வைன் சாலை.'

அந்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நான் 31 வருடம் பள்ளிக்கூடத்தில் சைவசமயம் படிப்பித்தவள். கொலை, களவு, கள், காமம், பொய் என்று பஞ்சமாபாதகத்தை எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கள் கசந்தது புத்தகத்தினால் இல்லை. என் அண்ணாவினால். தச்சுவேலையில் அவர் கைக்கு இணை கிடையாது. என்னைச் சைக்கிள் பாரில் இருத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். முதலில் தவறணையில் ஒரு போத்தல் கள் என்றுதான் தொடங்கியது. ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்களில் தவறணை பூட்டியிருக்கும். கசிப்பு மட்டும் எந்த ஊரடங்கையும் தாண்டி வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து சேர்ந்தது. 41 வயதில் ஈரல் கெட்டு இறந்துபோனார். கடைசி ஒரு வருடம் ஒவ்வொரு விடியலிலும் அம்மா வாசற்படியைக் கழுவிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குடித்தவனின் முகம் பெற்ற தாய்க்கே வெறுப்பாகும் என்ற கருத்தை வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். எங்கள் அம்மாவுக்கு வெறுப்பு வரவில்லை. வந்திருந்தால் அவ இன்னும் சில காலம் இருந்திருப்பா.

ஆகவே குடிப்பது சரியா பிழையா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. அதற்கு எங்கள் வீட்டில் விடை சொல்லியாகிவிட்டது. அந்த மத்தியானம் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. ஓர் இடம் அழகாக இருக்கிறது. அந்த அழகை உண்டாக்கியதே நான் வெறுக்கிற ஒரு பொருள். அங்கே போய் நின்று கண்குளிரப் பார்ப்பது அந்தப் பொருளுக்கு நான் கொடுக்கும் சம்மதமா?

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்கள் குறித்த நாட்கள் கேதாரகௌரி விரதத்துக்குள் விழுந்தன. விசயதசமியன்று தொடங்கி ஐப்பசி அமாவாசை மட்டும் 21 நாள். கலியாணம் முடித்த வருடம் தொடக்கம் விட்டதில்லை. ஒருநேரச் சாப்பாடு, 21 இழை நூல், 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு. 1990இல் ஊரைவிட்டு ஓடிப் போய் அகதி முகாமில் இருந்தபோதும் அதிரசத்துக்கு வழியில்லாமல் 21 பேரீச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டோம். அப்படிக் காத்த விரதத்தை வைன் சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதா?

மகள் இதை 'இலையுதிர்காலம்' என்கிறாள். எங்கள் ஆறு பருவங்களில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். திருகோணமலையில் அப்போது இலை உதிராது, மழை இறங்கும். வைகாசி தொடங்கிக் காய்ந்து கிடந்த மண் குளிரும். அதே மாதத்தில் அந்தத் தேசத்தில் பழம் பறித்து முடிந்து இலைகள் மஞ்சளாகும் என்று பேரப்பிள்ளை படம் அனுப்பினான். மலை முழுக்க மஞ்சள் கரைத்துத் தெளித்ததுபோல இருந்தது.

வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு ஒன்றை மறுப்பதற்கு முன்னால் படிக்காமல் இருக்க முடியாது. படித்தேன்.

லவோ என்பது ஜெனீவா ஏரியின் வடகரையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு நீளும் ஒரு சரிவு. சரிவு முழுக்கக் கல்மதில் கட்டி, படி படியாக மண் நிரப்பி, முந்திரிகைக் கொடி நட்டிருக்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக எடுத்தது. அதற்கு 30 வருடம் முந்தி, 1977இல், வீடுகட்டி விற்பவர்கள் சரிவைத் தின்றுவிடாதபடி அந்த மாநில மக்களே வாக்களித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தச் சரிவுக்கு மூன்று சூரியன் என்று அந்த ஊரவர்கள் சொல்வார்களாம். வானத்துச் சூரியன் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பி மேலே வருவது இரண்டாவது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கல்மதில் இரவில் மெல்ல மெல்ல விடுகிற சூடு மூன்றாவது. குளிர் தேசத்தில் பழம் பழுக்கிற இரகசியம் அதுதான். கல் வாங்கி வைத்துக் கொடுக்கிறது.

அந்த மதில்களை அடுக்கியவர்கள் துறவிகள். 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டேர்சியன் மடத்தவர்கள் காட்டை வெட்டி, கல்லைச் சுமந்து, இப்போது டெசலே என்று சொல்கிற சரிவைக் கட்டினார்கள். எங்களுக்குப் பாதகமாக இருக்கிற பானம் அவர்களுக்குத் திருப்பலியில் கடவுளின் இரத்தம். இதைப் படித்ததும் நெடுநேரம் யோசித்தேன். எங்கள் ஊரில் கத்தோலிக்கச் சனம் நிறைய. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பித்த ஒரு ரீச்சர் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிப்பா. அவவுடைய பூசையை நான் ஒருநாளும் கள்ளோடு சேர்த்து நினைத்ததில்லை. அண்ணாவின் செத்தவீட்டில் இரவு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவவும் அவதான்.

1536இல் பேர்ண்காரர்கள் அந்த நிலத்தைப் பிடித்தார்கள். மதம் மாறியது, மடங்கள் ஒழிந்தன, துறவிகள் போனார்கள். மதில்கள் நின்றுவிட்டன. என் மகள் குடியிருக்கிற ஊரின் படைதான் அந்த மடங்களை முடித்தது என்று படித்தபோது எனக்குக் கோணேசர் கோவில் நினைவு வந்தது.

திருகோணமலைக்காரர் எவருக்கும் இது விளக்க வேண்டியதில்லை. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்த கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல்லும் சிதைந்த தமிழ் எழுத்துமாக அந்தக் கோட்டை வாசலில் இன்றும் இருக்கிறது. கோவிலுக்குப் போக வேறு வழி இல்லை. கோவிலை உடைத்துக் கட்டிய அந்த வாசலுக்குள்ளால்தான் போகிறோம். உள்ளே மான்கள் திரிகின்றன. பிள்ளைகள் வாழைப்பழத் தோலைக் கொடுத்துக்கொண்டு வரும். அந்த வாசலைக் கடக்கும்போது நான் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இடித்தவனுக்குச் சம்மதம் கொடுத்ததாகவும் நினைத்ததில்லை. சம்பந்தர் பாடிய தலத்துக்குப் போகிற வழி இப்போது இதுதான். காலம் வழியை அப்படி வைத்துவிட்டது. கால் நடக்கும், மனம் எங்கே போகிறதென்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த நியாயம் முழுதாகப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டை பழைய பாவம். வைன் இன்றைக்கும் வடிகிறது. அதனால் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன், கந்தளாய் மட்டும்.

ஏரி என்றால் எனக்குக் கண்ணில் வருவது கந்தளாய்க் குளம். கண்டி வீதியில் பஸ்ஸில் போகும்போது அப்பா எழுப்பிக் காட்டுவார். கோணேசருக்கு நெல் விளைவிக்கக் குளக்கோட்டு மன்னன் கட்டிய குளம் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். கோணேசர் கல்வெட்டு என்ற நூலும் அப்படித்தான் சொல்கிறது. யார் யார் எந்தத் தொண்டு செய்ய வேண்டும், எந்த நிலம் எதற்கு என்று ஒழுங்கு வைத்திருக்கிறது. வரலாறு படித்தவர்கள் அது அநுராதபுர அரசர் காலத்துக் குளம் என்பார்கள். இரண்டையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சுவாமிக்கென்று எண்ணிய அந்தத் தண்ணீரிலேயே பிற்காலத்தில் கரும்பு நட்டார்கள். சீனித் தொழிற்சாலை வந்தது. சீனி எடுத்து மிஞ்சிய பாகில் மதுசாரம் வடித்தார்கள். அந்தத் தண்ணீர்தான் நெல்லுக்கும் போனது, நிவேதனத்துக்கும் போனது, போத்தலுக்கும் போனது. நான் குளத்தை நொந்துகொள்ளலாமா? அணைக்கட்டில் நின்று அந்தி வெளிச்சத்தைப் பார்த்த என் அப்பா மது விலக்குச் சங்கத்து ஆள். அவர் பார்த்தது பாவமா?

தண்ணீருக்கும் மண்ணுக்கும் கல்லுக்கும் பழத்துக்கும் பாதகம் இல்லை. திருமூலர் கள்ளுண்ணாமைக்கென்று தனிப் பகுதியே பாடி, சிவானந்தமே உண்மையான கள் என்ற பொருளை வைத்தார். மயக்கத்தை அவர் வெறுத்தார். ஆனால் மயக்கம் என்ற சொல்லையே கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் துணிந்தார். எங்கள் சங்கப் பாட்டுக்கு இந்தத் தயக்கம்கூட இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை உண்டு இனிதே இரு என்று பாண்டியனை வாழ்த்துகிறார். ஐரோப்பிய முந்திரிகை இரசம் எங்கள் இலக்கியத்துக்குள் வந்து ஏறத்தாழ 2000 வருடம். அதை மறைத்துவிட்டுத் தமிழர் என்றைக்கும் கள் தொடாதவர்கள் என்று வகுப்பில் நான் சொன்னதில்லை. தொட்டார்கள், அதன் கேட்டையும் கண்டார்கள், கண்டபின் விலக்கச் சொன்னார்கள். அந்த வரிசை முக்கியம். கேட்டைக் கண்டு சொன்ன விலக்குக்குத்தான் எடை உண்டு.

இவ்வளவும் யோசித்தபின்னும் மனம் இசையவில்லை. நியாயம் போதும்போல இருந்தது, நெஞ்சு மட்டும் வாசற்படியிலே நின்றது. அதை நகர்த்தியது விரதக் கதையேதான்.

கேதாரகௌரி விரதக் கதையை ஒவ்வொரு வருடமும் கோவிலில் வாசிக்கிறோம். நானே எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். கயிலையில் எல்லாரும் அம்மையையும் அப்பனையும் சேர்த்து வலம் வருகிறார்கள். பிருங்கி முனிவர் மட்டும் வண்டு வடிவெடுத்து, இருவருக்கும் நடுவால் துளைத்துப்போய், சிவனை மட்டும் சுற்றுகிறார். அம்மைக்குக் கோபம். தன் சக்தியாகிய சதையையும் இரத்தத்தையும் அவர் உடம்பிலிருந்து எடுத்துவிடுகிறார். எலும்பாய் நிற்க மாட்டாமல் விழுந்தவருக்குச் சிவன் மூன்றாவது கால் ஒன்று கொடுக்கிறார். அதன்பின் அம்மை பூலோகம் வந்து கௌதமர் ஆச்சிரமத்தில் இந்த விரதத்தைப் பிடித்து, இறைவனின் பாதி உடம்பைப் பெறுகிறார்.

இந்தக் கதையை நாங்கள் கணவன் மனைவி ஒற்றுமைக்காக வாசிக்கிறோம். அது சரிதான். ஆனால் பிருங்கியைப் பற்றி நான் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. அவர் கெட்டவர் இல்லையே. குடித்தாரா, களவெடுத்தாரா? பக்தர். தூய்மையிலே அவரை மிஞ்ச ஆள் இல்லை. தனக்குத் தூயதென்று பட்ட பாதியை மட்டும் கும்பிட்டு, மற்றப் பாதியைத் துளைத்துக்கொண்டு போனதுதான் குற்றம். விரதத்தின் வேரிலேயே இருக்கிறது இந்தக் குற்றம். 21 நாள் பட்டினி கிடந்து நான் தீர்க்க வேண்டிய குற்றமும் இதுவா என்று கேட்டுக்கொண்டேன்.

இங்கே கவனமாக இருக்க வேண்டும். குடியும் சக்தியின் வடிவம்தான், ஏற்றுக்கொள் என்று யாரும் என்னிடம் சொல்ல வரக்கூடாது. என் அம்மா கழுவிய வாசற்படியில் நின்று அதை எவரும் சொல்ல முடியாது. நான் விலக்குவது பானத்தை. ஆனால் பானத்தை விலக்குகிற வேகத்தில் வேறு எதையெல்லாம் துளைத்துக்கொண்டு போகிறேன்? அந்தச் சரிவில் முதுகு ஒடியப் பழம் பறிப்பவர்களை. மதிலடுக்கிய துறவிகளை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ரீச்சரின் பூசையை. விருந்தில் ஒரு கிளாஸ் எடுப்பார் என்று எனக்குத் தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிற என் மருமகனை.

அவரோடு பேசினேன். அதுவரை திட்டத்தைப் பற்றி மகளோடுதான் பேச்சு. அன்று அவரைத் தரச் சொன்னேன்.

"தம்பி, ஏன் அந்த இடம்? வேற இடம் இல்லையோ?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னார்:

"மாமி, நான் வந்த முதல் வருசம் விசா ஒண்டும் சரிவராமல் இருந்தனான். அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில பழம் புடுங்க ஆள் எடுத்தவை. ரெண்டு கிழமை. கூடையை முதுகில கட்டிக்கொண்டு படி ஏறி இறங்கிறது. பாசை தெரியாது. ஒரு கிழவன் மட்டும் எனக்குப் பக்கத்து வரிசையில நிண்டு, எப்பிடிக் குலையை வெட்டுறதெண்டு கையைப் பிடிச்சுக் காட்டித் தந்தவர். பின்னேரம் வேலை முடிஞ்சு மதிலில சாஞ்சு இருந்தால் முதுகுக்குச் சூடா இருக்கும். நாட்டை விட்டு வந்து முதல்முதல் நான் நித்திரை கொண்டது அந்த மதிலிலதான். அதை உங்களுக்குக் காட்டவேணும் எண்டுதான் போட்டனான். வைன் சாலை பிள்ளையள் பழம் பிழியிற இயந்திரம் பாக்க ஆசைப்பட்டதால."

பத்து வருடத்துக்கு மேலாக இவரை எனக்குத் தெரியும். இந்தக் கதை எனக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

வெவே நகரத்தில் ஒரு விழா நடக்குமாம், தலைமுறைக்கு ஒருமுறை. 1999இல் நடந்தது, பிறகு 2019இல்தான். பெரிய அரங்கு கட்டி, ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடி ஆடிப் பாடி, முடி சூட்டுவது யாருக்கு என்றால், தோட்டத்துச் சொந்தக்காரனுக்கு இல்லை, கொடியைப் பராமரித்த வேலையாளுக்கு. அதை நடத்துகிற சங்கத்தின் வாசகம் இலத்தீனில் இருக்கிறது. 'செபி, வேலை செய்' என்று பொருள். எங்கள் கோணேசர் கல்வெட்டைப் படித்தவளுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பூ எடுப்பவன், விளக்கேற்றுபவன், நெல் குற்றுபவன் என்று ஆள் ஆளாகப் பார்த்து எண்ணிய நூல் அது. எண்ணுவதும் ஒரு கும்பிடுதான்.

மூன்று நாள் கழித்துத் திட்டத்தைத் திருப்பி எடுத்து, பேரப்பிள்ளையைக் கொண்டு திருத்தம் போடச் சொன்னேன். நாளை மாற்ற வேண்டாம், விரதத்துக்குள்ளேயே இருக்கட்டும். புறப்படும் காலை முதலில் பேர்ணில் ஞானலிங்கேச்சுரர் கோவிலுக்குப் போக வேண்டும். 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் அந்தக் கோவில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் இருக்கிறதாம். அங்கே தமிழில் பூசை செய்கிறார்கள் என்று மகள் சொன்னதிலிருந்து எனக்குப் பார்க்க ஆசை. பிறகு டெசலே. வைன் சாலைக்குள் நான் வரமாட்டேன். பிள்ளைகள் போய் இயந்திரம் பார்த்து வரட்டும். 11 மணியை நாலு மணியாக்கச் சொன்னேன். வெயில் சாய்கிற நேரம் மதில் சூடாக இருக்கும். மருமகன் நித்திரை கொண்ட மதிலைக் காட்டினால் அதிலே நானும் முதுகைச் சாய்த்துப் பார்ப்பேன். அன்றைய ஒருநேரச் சாப்பாடு இரவு அறையில். அரிசி நான் கொண்டு வருகிறேன்.

நேற்றுப் பின்னேரம் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமிமலைக்குப் போயிருந்தேன். சூரியன் உள்துறைமுகப் பக்கம் இறங்கியபின் இராவணன் வெட்டுக்கு மேலே உள்ள பாறையில் கையை வைத்தேன். பகல் முழுக்கக் காய்ந்த கல் இன்னும் சுடுகிறது. கீழே கடல். எத்தனை வருடமாகப் போகிறேன், அந்தக் கல்லைக் கையால் தொட்டுப் பார்த்தது இதுதான் முதல்தடவை.

வீட்டுக்கு வந்ததும் மருமகனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். "தம்பி, ஒரு உதவி. நீங்கள் பழம் புடுங்கின தோட்டத்தில, இல்லாட்டி அதுக்குப் பக்கத்தில, ஒரு குலை கேட்டு வாங்குங்கோ. பிழியிறதுக்குப் போறதுக்கு முன்னம். அமாவாசையண்டு கௌரிக்குப் படைக்க வேணும். 21 பழம் இருக்கவேணும். நீங்களே எண்ணி எடுங்கோ."

காலையில் பதில் வந்திருந்தது. அறுவடை பிந்தினால் பழம் கிடைக்கும், முந்தினால் கொடியில் மிச்சம் நிற்கிறதைத்தான் தேடவேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, தெரிந்த ஒருவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன் மாமி என்று இன்னொரு வரி.